'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று கிடக்கும் வேலையை நகர்த்துவது எப்படி?

ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போட மனம் வரவில்லை. அதற்காக அலமாரியை ஒழித்து, பழைய பில்களை அடுக்கி, மோட்டார் போட்டு, மொட்டை மாடியில் துணியும் உலர்த்திவிட்டு வந்து உட்காருகிறார் ஒருவர். அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. காலையிலிருந்து ஓயாமல் உழைத்திருக்கிறார். அந்த மின்னஞ்சல் மட்டும் அப்படியே கிடக்கிறது. தள்ளிப்போடுகிறவர்களில் நிறையப் பேர் இந்த ரகம்தான்.

இவர் 'நாளையிலிருந்து அஞ்சு மணிக்கே எழுந்திருப்பேன்' என்று சபதம் எடுத்துப் பயனில்லை. ஐந்து மணிக்கு எழுந்தாலும் அந்த மின்னஞ்சலை எழுதமாட்டார்; இன்னொரு அலமாரியை ஒழிப்பார். தள்ளிப்போடுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஃபுஷியா சிர்வா, டிம் பிச்சில் இருவரும் 2013இல் எழுதிய கட்டுரையில் இதை நேர நிர்வாகக் கோளாறாகப் பார்க்கவில்லை. வேலையை நினைத்ததும் வரும் சங்கடத்திலிருந்து அந்த நிமிடத்துக்குத் தப்பித்துக்கொள்ள மனம் எடுக்கும் குறுக்குவழி என்றே பார்த்தார்கள். ஆகவே ஆளைத் திருத்துவதை ஓரமாக வைத்துவிட்டு, வேலையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். எது இடிக்கிறது என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலும் அதைச் சரிசெய்வது சின்ன காரியமாகவே இருக்கும்.

பாக்கிப் பட்டியல்

ஒரு தாள், ஒரு பேனா, 20 நிமிடம். கைபேசியில் எழுத வேண்டாம். எழுத எடுத்த கை வாட்ஸ்அப்பைத் திறந்துவிடும். கிடப்பில் உள்ள எல்லாவற்றையும் வரிசை பார்க்காமல் எழுதுங்கள். ஆபீஸ் ரிப்போர்ட், பல் டாக்டர், இ.பி. கணக்கில் பெயர் மாற்றுவது, அத்தைக்குப் போன், பாதியில் நிற்கும் ஆன்லைன் கோர்ஸ், எல்லாமே. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எத்தனை காலமாகக் கிடக்கிறது என்றும் எழுதுங்கள்: 'இரண்டு வாரம்', 'போன தீபாவளியிலிருந்து'. 20 நிமிடம் ஆனதும் நிறுத்திவிடுங்கள்.

எழுதி முடித்ததும் மனசு லேசாகும். முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதும், அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டாலே அந்த அரிப்பு அடங்கிவிடும் என்பதும் 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் வெளியிட்ட சோதனைகளில் தெரிந்தவை. வேலையை முடிக்காமலே கிடைக்கும் நிம்மதி அது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பட்டியல் போட்டதையே வேலை பார்த்ததாக எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் கலர் பேனாவில் இன்னொரு பட்டியல் போடுகிறவர்கள் உண்டு. எனவே பட்டியலிலிருந்து மூன்றை மட்டும் எடுங்கள்: பெரியது ஒன்று, அரை நாளுக்குள் முடியக்கூடியவை இரண்டு. மீதித் தாளை மடித்து மேஜை டிராயரில் போட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை அதைத் தொட வேண்டியதில்லை.

எது இடிக்கிறது?

எடுத்த மூன்றில் ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: 'இதை இப்போதே செய் என்றால், என் கை முதலில் எதைத் தொடும்?' பதில் சட்டென்று வராவிட்டால் அந்த வேலையை நீங்கள் தவறாக எழுதியிருக்கிறீர்கள்.

'வீட்டு வரியில் பெயர் மாற்றணும்' என்பதை எடுத்துக்கொள்வோம். பார்க்க ஒரு வேலை போல இருக்கிறது. உள்ளே போனால் பத்திர நகலைத் தேடுவது, கடைசியாகக் கட்டிய ரசீதை எடுப்பது, மாநகராட்சி இணையதளத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பது, ஸ்கேன் எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது என்று ஐந்தாறு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மலைப்பு வராமல் என்ன செய்யும்? அதையே 'பீரோ மேல்தட்டில் இருக்கும் நீல ஃபைலை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைப்பது' என்று எழுதினால் மலைக்க ஒன்றுமில்லை.

முதல் படியைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று சோதிக்க நான்கு விஷயங்கள் போதும். பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இன்னொருவர் வரவேண்டிய அவசியம் இருக்கக்கூடாது. முடிந்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வினைச்சொல் கையோ வாயோ செய்யும் செயலாக இருக்க வேண்டும்: எடு, போன் செய், டைப் செய், எண்ணு, அச்செடு, அனுப்பு. 'பார்க்கணும்', 'யோசிக்கணும்', 'ரெடி பண்ணணும்' என்று முடியும் எந்த வரியையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். 'வரலாறு முடிக்கணும்' என்று எழுதிவைத்தால் மூன்று மாதம் ஆனாலும் முடியாது. 'பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் முதல் பாடம், பின்பக்கக் கேள்விகளில் 10க்கு விடை எழுதுவது' என்றால் இன்றைக்கே நடக்கும்.

அடுத்தது, கையில் ஏதோ ஒன்று இல்லாததால் நிற்கும் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் தள்ளிப்போடுவது போலவே தெரியும். உண்மையில் முட்டுக்கட்டை வேறு எங்கோ இருக்கும். வருமான வரிக் கணக்கை ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுதிசெய்யலாம் என்பார்கள். உங்கள் ஆதாரில் இருப்பதோ எப்போதோ தொலைத்த சிம்மின் எண். அப்படியானால் நீங்கள் தள்ளிப்போடுவது வரிக் கணக்கை அன்று, ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றுவதை. பட்டியலிலும் அப்படியே எழுதுங்கள். மறந்துபோன பாஸ்வேர்டு, ஒருவர் போட வேண்டிய கையெழுத்து, மேலதிகாரி சொல்ல வேண்டிய ஒரு எண் என்று, பல மாதமாகக் கிடக்கும் வேலைகளைத் தோண்டினால் இப்படி ஒன்று அடியில் இருப்பது சகஜம்.

மூன்றாவது வகைதான் எல்லாவற்றிலும் கொடியது: வேலைக்குப் பின்னால் ஒரு முகம் இருப்பது. பதில் சொல்லாமல் விட்ட வாடிக்கையாளர், கல்யாணத்துக்குப் போகாததால் கோபித்துக்கொண்ட சித்தப்பா, கணக்கு விவரம் கேட்டு இரண்டு முறை மெயில் அனுப்பிய ஆடிட்டர். நாள் ஆக ஆக, பதிலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய விளக்கமும் வளர்ந்துகொண்டே போகிறது. முதல் வாரம் ஒரு வரி போதும். மூன்றாவது மாதம் ஒரு பக்கம் எழுதினாலும் போதாது என்று தோன்றும். அந்த ஒரு பக்கத்தை நினைத்துத்தான் மனம் பின்வாங்குகிறது. விளக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மூன்று வரியில் முடியுங்கள்:

'சார், நீங்கள் 3ஆம் தேதி கேட்ட பேங்க் ஸ்டேட்மென்ட் இன்னும் அனுப்பவில்லை, மன்னிக்கவும். வியாழக்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்பிவிடுகிறேன். அதற்கு முன் தேவைப்பட்டால் ஒரு போன் செய்யுங்கள்.'

உடம்பு சரியில்லை, ஊருக்குப் போயிருந்தேன், லேப்டாப் ரிப்பேர் என்று எதுவும் வேண்டாம். எதிரே இருப்பவருக்குத் தேவை தேதி மட்டும். மனதில் உள்ள தேதியோடு இன்னொரு நாள் கூட்டிச் சொல்லுங்கள். இரண்டாவது முறை தவறினால் முதல் முறையைவிட மோசம். உறவுக்காரர்களுக்கு எழுதாதீர்கள், போனில் பேசுங்கள்: 'சித்தப்பா, கல்யாணத்துக்கு வர முடியல, தப்பு என் மேலதான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலாமா?' சித்தப்பா இரண்டு வார்த்தை திட்டுவார். திட்டு முடிந்ததும் வேலையும் முடிந்தது.

நான்காவது, 'செய்தா ஒழுங்கா செய்யணும்' என்ற பிடிவாதம். எழுதுகிறவர்களையும் வரைகிறவர்களையும் பிரசன்டேஷன் செய்கிறவர்களையும் இது பிடிக்கும். ஃபைலுக்கே 'கரடு வரைவு' என்று பெயர் வைத்து, 15 நிமிடம் அழிக்காமல், பின்னால் போய்த் திருத்தாமல், வந்தபடி டைப் செய்யுங்கள். தெரியாத இடத்தில் மூன்று கேள்விக்குறி போட்டுவிட்டுத் தாண்டுங்கள். எழுதியது மோசமாகத்தான் இருக்கும். மோசமான மூன்று பக்கத்தைத் திருத்துவது வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட மிகச் சுலபம்.

சலிப்பூட்டும் வேலைக்கு மர்மம் ஏதுமில்லை. வவுச்சர் ஒட்டுவது, போட்டோக்களைப் பிரிப்பது, துணி மடிப்பது போன்றவற்றுக்குப் பிடித்த பாட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். எழுத்தும் கணக்கும் கலந்த வேலைக்குப் பாட்டு ஆகாது, வரிகள் குறுக்கே வரும்.

எப்போது என்பதை எழுதுவது

'சாயங்காலம் நேரம் கிடைச்சா செய்யறேன்' என்றால் அந்தச் சாயங்காலம் வராது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் முன்வைத்த முறை ஒன்று உண்டு: 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்வது. 2006இல் 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதற்கு நல்ல பலன் இருந்தது தெரிந்தது. சொன்னால் சிரிப்பு வரும் அளவுக்குச் சின்ன விஷயம். ஆனால் எழுதாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டால் அதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வாக்கியத்தில் மூன்று காலியிடம்: எது முடிந்ததும், எங்கே உட்கார்ந்து, எந்த முதல் படி. 'காலை காபி டம்ளரைக் கழுவி வைத்ததும், பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, நீல ஃபைலில் பத்திர நகலைத் தேடுவேன்.'

இந்த 'முடிந்ததும்' என்பதற்கு எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தினமும் தவறாமல் நடப்பதாகவும், உங்கள் கையில் இருப்பதாகவும் இருக்கட்டும். டம்ளர் கழுவுவது, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவது, மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடுவது, ஆபீஸில் லாகின் செய்வது எல்லாம் நல்ல கொக்கிகள். தண்ணி லாரி வந்ததும், வீட்டு வேலைக்கு வரும் அக்கா போனதும், மழை விட்டதும், ஸ்டாண்ட்-அப் மீட்டிங் முடிந்ததும் போன்றவற்றை நம்பாதீர்கள். தண்ணி லாரி எப்போது வரும் என்று லாரிக்காரருக்கே தெரியாது.

இடையூறுக்கும் ஒரு வாக்கியம் எழுதிவைக்கலாம்: 'நடுவில் போன் வந்தால், அரை மணியில் கூப்பிடறேன் என்று மெசேஜ் போட்டுவிட்டுத் தொடர்வேன்.' அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தால் பெரும்பாலும் போனை எடுத்துவிடுவோம். முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை.

ராகு காலம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திங்கள் ஏழரை முதல் ஒன்பது, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று தினம் ஒன்றரை மணி நேரம் போகிறது. எமகண்டத்தையும் சேர்த்தால் சில நாள் காலைப் பொழுதே கரைந்துவிடும். வழக்கப்படி பார்த்தாலும் அந்த நேரத்தில் புதிதாகத் தொடங்குவதுதான் ஆகாது. தொடங்கிய வேலையைத் தொடரத் தடையில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே இரண்டு வரி டைப் செய்து வைத்துவிடுங்கள். பத்தரைக்குப் பிறகு நீங்கள் செய்வது தொடர்ச்சிதான்.

உட்கார்ந்த பிறகு

இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் பிற்பகுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துப் படிக்கத் தொடங்கினார். 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு, நான்கு சுற்று ஆனதும் நீண்ட ஓய்வு என்ற முறை இன்று உலகெங்கும் தெரியும். அதை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல்: நீண்ட நாள் கிடந்த வேலைக்கு 25 நிமிடமே அதிகம். முதல் மூன்று நாள் 10 நிமிடம் மட்டும் வையுங்கள். மணி அடித்ததும் விருப்பம் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே என்ற நினைப்போடு எழுந்தால் மறுநாள் உட்காருவது எளிது. சக்கையாகப் பிழிந்த பிறகு எழுந்தால் மறுநாள் அந்த நாற்காலியைப் பார்த்தாலே வெறுப்பு வரும். நான்காம் நாளிலிருந்து 25க்கு ஏற்றலாம். ஒரு நாளைக்கு நான்கு சுற்று உருப்படியாக நடந்தாலே நல்ல நாள். எட்டு, பத்து என்று திட்டம் போடுகிறவர்கள் இரண்டாம் நாளே சுருண்டுவிடுவார்கள்.

டைமருக்குக் கைபேசியைப் பயன்படுத்தாதீர்கள். 100, 200 ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண அலாரம் கடிகாரம் போதும்; சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள்ளைப் பார்த்துக்கொண்டாலும் சரி. கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். கவிழ்த்து மேஜையிலேயே வைப்பது போதாது, கை தானாக நீளும். அவசர அழைப்பு வருமே என்ற பயம் இருந்தால் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டு, வீட்டார் நாலு பேரின் எண்களுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அபார்ட்மென்ட் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, குடும்பக் குழு மூன்றையும் 'எப்போதும்' என்று மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடுங்கள். புதுச் செய்தி வந்தாலும் மேலே ஏறி வராது. மதியம், இரவு என இரண்டு வேளை திறந்து பார்த்தால் எதுவும் குடிமுழுகிப் போகாது. சம்ப் மோட்டார் ரிப்பேர் என்ற செய்தியை எப்படியும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லிவிடுவார்.

ஓய்வு ஐந்து நிமிடத்தில் ரீல்ஸ் பார்க்காதீர்கள். எழுந்து தண்ணீர் குடியுங்கள், பால்கனியில் நில்லுங்கள், முகம் கழுவுங்கள். எழுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, பலர் இதை விட்டுவிடுகிறார்கள்: அடுத்து செய்ய வேண்டியதை ஒரே வரியில் எழுதிவைப்பது. 'அடுத்து: 4ஆம் பக்க அட்டவணையில் மார்ச் கூட்டுத்தொகை.' ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால் மனதின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். அந்த ஒரு வரி இருந்தால் விட்ட இடத்தைத் தேடி நேரம் வீணாகாது.

நம்ம ஊர் வெயிலும் வீடும்

பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகளில் பல, தனி அறையும் அமைதியும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. சென்னையில் இரண்டு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் இடத்தில் சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ், அதுவும் அடுத்த வேளைச் சாப்பாடு வரைதான். அங்கே வேலை நின்றுபோகக் காரணம், ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்ப வேண்டியிருப்பது. லேப்டாப், சார்ஜர், நோட்டு, பேனா, வேண்டிய ஃபைல் எல்லாம் ஒரே துணிப்பையில் இருக்கட்டும். பையைத் தூக்கி வந்து இரண்டு நிமிடத்தில் தொடங்க முடிகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் ஆனால் பையில் ஏதோ குறைகிறது.

'வீட்லதானே இருக்கே' என்ற ஒரு சொல் பாதி நாளைத் தின்றுவிடும். 'டிஸ்டர்ப் பண்ணாதீங்க' என்று பொதுவாகச் சொல்வதால் சண்டைதான் வரும். எது வரை, அதற்குள் என்ன வந்தால் யார் பார்ப்பது என்று சொல்லிவிடுங்கள்: 'அம்மா, பத்தே முக்கால் வரைக்கும் கதவு சாத்தியிருக்கும். சிலிண்டர் வந்தா நீங்க வாங்கிக்கோங்க. கோடு நம்பரும் பணமும் ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருக்கேன்.' பத்தே முக்காலுக்கு நீங்களாகவே கதவைத் திறந்து வெளியே வர வேண்டும். சொன்ன நேரத்துக்கு வந்தீர்களானால் மறுநாள் யாரும் தட்டமாட்டார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில், அதுவும் மேல்மாடி வீடாக இருந்தால், பிற்பகல் இரண்டு மணிக்கு மூளையைக் கசக்கும் வேலையைப் போட்டு வைப்பது வீண். யோசிக்க வேண்டியதைக் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் வையுங்கள். உச்சி நேரத்துக்கு ரசீது அடுக்குவது, போன் செய்வது, படிவம் நிரப்புவது. வீட்டில் முடியவே முடியாது என்றால் இடம் மாறுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள் என்பதால் தாமதமாகப் போய்ப் பயனில்லை. எழும்பூர் கன்னிமாரா நூலகமும் உண்டு. வடசென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை செய்யவும் படிக்கவும் இடம் கிடைக்கிறது. அங்கெல்லாம் சுற்றி இருப்பவர்கள் தலை நிமிராமல் படிப்பதைப் பார்த்துக் கொண்டே சும்மா இருக்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் நல்லது.

சென்னையின் ஓ.எம்.ஆர். சாலையில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் பயண நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். நின்றுகொண்டே வரும் பஸ்ஸில் படிக்கலாம், நாளைய முதல் படியை யோசித்து வைக்கலாம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் நேராக மேஜைக்குப் போகும் திட்டமும் நிற்காது. குளியல், சாப்பாடு, முக்கால் மணி நேரம் சும்மா இருப்பது ஆகியவற்றைக் கழித்துவிட்டு மீதியில் ஒரே ஒரு சுற்று.

கெடு

நம் கணிப்பு எப்போதும் குறைவாகவே இருக்கும். 1994இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். 'எவ்வளவு நாள் ஆகும்?' என்பதற்குப் பதில், 'போன தடவை இதே மாதிரி வேலைக்கு எவ்வளவு ஆச்சு?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். போன தடவை என்று ஒன்று இல்லாவிட்டால், தோன்றிய எண்ணோடு அதில் பாதியைக் கூட்டுங்கள்.

தேதி உள்ள வேலைகளில் கடைசி நாள் எது என்பது எல்லோருக்கும் தெரியும். தொடங்கும் நாள்தான் யாரிடமும் இருக்காது. மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் ஒரு சிறு கடையைப் பாருங்கள். விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதி, கணக்குப் போட்டு வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி. தவறினால் 3பி-க்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத மாதமானால் 20 ரூபாய். வரி பாக்கி இருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இது தெரிந்தும் 19ஆம் தேதி இரவு அல்லாடுவது ஏன்? தாக்கல் செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரு மாதக் கொள்முதல் பில்களை டிராயர், பைக் பெட்டி, சட்டைப் பை, சப்ளையரின் வாட்ஸ்அப் என்று தேடிப் பொறுக்கத்தான் இரண்டு நாள் ஆகிறது. ஆகவே பழக்கமாக்க வேண்டியது தாக்கலை அன்று. கடையில் ஒரு கம்பிக் குத்தூசி வையுங்கள். பில் வந்ததும் அதில் குத்துங்கள். சனிக்கிழமை கடை கட்டும் முன் 20 நிமிடம், குத்தூசியில் உள்ளதை போட்டோ எடுத்து ஆடிட்டருக்கு அனுப்புங்கள். மாதக் கடைசியில் தேட ஒன்றும் இருக்காது.

சொத்து வரியும் இப்படித்தான். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் சென்னை மாநகராட்சி 5 சதவீதம் ஊக்கத்தொகை தருகிறது, 5,000 ரூபாய் வரை. கைபேசி நாள்காட்டியில் ஏப்ரல் 30 என்று குறித்து வைப்பதால் ஏப்ரல் 30இல்தான் நினைவு வரும், தளமும் அன்றுதான் திணறும். ஏப்ரல் 5 என்று குறியுங்கள். வருமான வரிக்கு ஜூலை 31 என்றால் ஜூன் 20ஐத் தொடக்க நாளாக வையுங்கள். சில ஆண்டுகளில் கெடுவை நீட்டிக்கிறார்கள் என்பதை நம்பி உட்கார வேண்டாம்; நீட்டிக்காத ஆண்டில் 5 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

தேதியே இல்லாத வேலைகள்தான் ஆண்டுக்கணக்கில் கிடப்பவை. அவற்றுக்கு நாமே வைக்கும் கெடுவை நாமே தள்ளிவைத்துவிடுவோம். இன்னொரு ஆள் வேண்டும். அம்மா, மனைவி, கணவர் வேண்டாம். ஒன்று திட்டுவார்கள், இல்லையானால் பரிதாபப்பட்டு விட்டுவிடுவார்கள். இதே போல ஒரு பாக்கி வைத்திருக்கும் நண்பரோ சக ஊழியரோ பொருத்தம். 'அண்ணே, ராத்திரி ஒன்பது மணிக்கு முதல் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பறேன். வரலைன்னா ஒரு கேள்விக்குறி மட்டும் போடுங்க. நீங்களும் உங்களோடதை அனுப்புங்க.' அறிவுரை கிடையாது, ஊக்கம் கிடையாது, கேள்விக்குறி மட்டும். முடித்தேன் என்ற வார்த்தையை ஏற்க வேண்டாம், படம்தான் கணக்கு.

தவறிய நாளுக்கு அடுத்த நாள்

21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று பரவலாகச் சொல்வதை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் செய்த ஆய்வில் ஒரு செயல் தானாக வரும் நிலைக்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். அதே ஆய்வில், நடுவே ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் தெரிந்தது. ஆக, ஒரு நாள் தவறியதால் ஒன்றும் கெடாது. 'போச்சு, அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து புதுசா ஆரம்பிக்கலாம்' என்ற எண்ணம்தான் கெடுக்கும்.

ஊர்ப் பொங்கல், கல்யாணம், நவம்பர் மழையில் கரண்ட் போன வாரம், வைரல் காய்ச்சல் என்று இடைவெளி வரத்தான் செய்யும். திரும்பி வந்த முதல் நாள் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்க முயல வேண்டாம். வழக்கமான அளவில் பாதி போதும்: 25 நிமிடம் உட்காருபவர் 10 அல்லது 12 நிமிடம். தன்னைத் தானே திட்டிக்கொள்வதாலும் லாபமில்லை. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்று 2010இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது.

புது ஆப், புது டைரி, புது மேஜை வாங்கத் தோன்றும்போது கொஞ்சம் உஷாராக இருங்கள். வேலை சரியாக இடிக்கும் நேரத்தில்தான் அந்த ஆசை வரும். முதல் படியைத் திரும்ப எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் ஆசை போய்விடும்.

இத்தனையும் செய்தும் பிடித்த வேலையைக்கூடத் தொட முடியவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, எதிலும் நாட்டம் இல்லை என்று வாரக்கணக்கில் நீடித்தால் அது வேறு விஷயம், மனச்சோர்வாக இருக்கலாம். சின்ன வயதிலிருந்தே எதையும் முடிக்க முடியாமல், பொருளைத் தொலைத்துக்கொண்டே இருந்தால் கவனக்குறைபாடாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் வெளிநோயாளிகளையும் பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி

டிராயரில் மடித்து வைத்த தாளை ஞாயிறன்று எடுங்கள். முடிந்ததை அடியுங்கள், புதிதாக வந்ததைச் சேருங்கள், அடுத்த வாரத்துக்கு மூன்றைத் தேர்ந்தெடுத்து முதல் படியை எழுதுங்கள். அரை மணிக்கு மேல் வேண்டாம். ஒரே வேலை மூன்றில் ஒன்றாக நான்கு வாரம் தொடர்ந்து வந்தும் அசையாமல் இருந்தால், ஐந்தாம் வாரம் அதை எழுதக்கூடாது. ஒன்று, அதைப் பணம் கொடுத்து இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். ஏஜென்ட், பிளம்பர், டைப்பிஸ்ட் எல்லாம் அதற்குத்தான் இருக்கிறார்கள். அல்லது அந்த வேலையை அடியோடு விட்டுவிடுங்கள். இரண்டு ஆண்டாகக் கிடக்கும் அந்த கிட்டார் வகுப்பு, பாதியில் நிற்கும் கோர்ஸ், யாருக்கோ வாய் தவறி ஒப்புக்கொண்ட விழா மலர்க் கட்டுரை ஆகியவற்றில் சில உங்களுக்கு வேண்டாத வேலைகள். விடும்போது சும்மா விடாமல், யாராவது காத்திருந்தால் அவருக்கு அன்றே சொல்லிவிடுங்கள்: 'சார், மலருக்குக் கட்டுரை தருவதாகச் சொல்லியிருந்தேன். என்னால் முடியாது. வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள், இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு மன்னிக்கவும்.' அனுப்பிவிட்டு அந்த வரியைத் தாளிலிருந்து அடித்துவிடலாம்.